பெல்லட் அடுப்பு மந்தமாக எரிந்தால்: காற்றின் வழியே போய் ஒரு முழுச் சுத்தம்

மாலையில் துடைத்துவைத்த கண்ணாடி மறுநாள் காலைக்குள் கரி பூசினாற்போல் ஆகிவிடுகிறது. குட்டையாக, பளிச்சென்று துடித்து எரிய வேண்டிய தீ, செம்மஞ்சளாக நீண்டு சோம்பலாக அசைகிறது. விழுந்த பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த எரிகுச்சி) எரிந்து முடிவதற்குள் அடுத்தது வந்து விழுந்து குவிகிறது. பை பையாகக் கொட்டியும் வீடு சூடாவதில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஜனவரி இரவில், வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, இது சின்னக் குறை இல்லை.

இந்த நிலையில் எல்லோரும் முதலில் பழிபோடுவது பெல்லட்டின் மேல்தான். இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் அதையே செய்தேன். வேறு கம்பெனிப் பைகளாக வாங்கிப் போட்டேன். தீனி அளவைக் கூட்டினேன். பெல்லட்டைப் பற்றவைக்கும் இக்னைட்டரை மாற்றினேன். எதுவும் உதவவில்லை. பிப்ரவரியில் எரியறையின் பின்தகட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. பல வருடங்களாக அந்தத் தகட்டை யாரும் திறந்ததே இல்லை. உள்ளே இரண்டு பக்கமும் சாம்பல் நிரம்பி, புகை போக ஒரு விரல் நுழையும் சந்துதான் மிச்சம் இருந்தது. அரை வாளிச் சாம்பலை அள்ளினேன். அன்று இரவே தீ வெண்மஞ்சளாக நிமிர்ந்து எரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வழக்கம்தான். காற்று நுழையும் இடத்திலிருந்து புகை வெளியேறும் இடம் வரை முழுவதையும் திறந்து பார்க்காமல் எந்தப் பட்டனையும் தொடுவதில்லை, எந்த உதிரிப்பாகமும் வாங்குவதில்லை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

அடுப்பு மூச்சுவிடும் விதம்

மாட்டுத் தீவனக் குச்சியைப் பார்த்தவர்களுக்கு பெல்லட் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே உருவம்தான். தீவனக் குச்சி செய்யும் அதே வகை இயந்திரத்தில் மரத்தூளை அழுத்திச் செய்வது. தடிமன் சுமார் 6 மி.மீ. அடுப்பின் மேலே உள்ள தொட்டியில் கொட்டினால், ஆகர் என்னும் திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரிகிண்ணத்தில் போடும். கிண்ணத்தின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இருக்கும். பெரும்பாலான அடுப்புகளில், புகைக்குழாயின் பக்கம் இருக்கும் ஃபேன் எரியறையில் உள்ளதை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அந்த உறிஞ்சலால்தான் புதுக்காற்று துளைகள் வழியாகத் தீக்குள் வருகிறது.

ஊரில் விறகடுப்பை ஊதாங்குழலால் ஊதுவோம். இந்த அடுப்பு ஊதுவதில்லை, உறிஞ்சுகிறது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குறைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது, ஸ்ட்ரா அடைத்துக்கொண்டாலும் இளநீர் வராது, அதன் நடுவில் ஓட்டை விழுந்தாலும் வராது. அடுப்புக்கும் இந்த இரண்டு நோய்கள்தான்: அடைப்பு, கசிவு. சாம்பல் வழியை அடைத்தால் காற்று குறையும். கதவின் ஓரத்தில் கசிந்தால் காற்று வரும், ஆனால் துளைகள் வழியாகத் தீக்கு வராமல் குறுக்கு வழியில் போய்விடும். இரண்டிலும் தீ பட்டினிதான்.

எவ்வளவு சாம்பல் சேரும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்காவின் பெல்லட் ஃப்யூயல்ஸ் இன்ஸ்டிட்யூட் ‘பிரீமியம்’ தரத்துக்கு 1 சதவீதம் வரை சாம்பலை அனுமதிக்கிறது. ஐரோப்பாவின் இஎன்பிளஸ் ஏ1 தரத்தில் இது 0.7 சதவீதம். இங்கே ஒரு டன் என்பது 40 பவுண்ட் பைகள் 50, அதாவது சுமார் 907 கிலோ. 1 சதவீதம் என்றால் டன்னுக்கு 9 கிலோ சாம்பல். ஒரு குளிர்காலத்தில் 3 டன் எரித்தால் 27 கிலோ. அதுவும் திருநீறு போல மிருதுவானது. ஃபேன் இழுக்கிற இழுப்பில் அதில் ஒரு பங்கு சாம்பல் தட்டில் விழாமல் பறந்து, புகை போகும் வழியில் எங்கெல்லாம் வளைவு இருக்கிறதோ அங்கெல்லாம் படியும்.

அணைப்பதற்கு முன் தீயைப் பாருங்கள்

சுத்தம் செய்யத் தொடங்கும் முன் கால் மணி நேரம் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பது வீண்வேலை இல்லை. என்ன பார்த்தீர்களோ அதை எழுதிவையுங்கள். சுத்தம் செய்தபின் ஒப்பிட உதவும்.

தீ நீளமாக, செம்மஞ்சளாக, நுனியில் கரும்புகையோடு ஆடினால் காற்றுப் பற்றாக்குறை. கண்ணாடியில் கன்னங்கரேல் என்று படிவதும் அதையே சொல்கிறது. வெளிர்ப்பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ மெல்லிய தூசு படிந்தால் அது இயல்பு, கவலை வேண்டாம். பெல்லட் விழுந்து வெறுமனே புகைந்துகொண்டு பற்றாமலே இருந்தால் இக்னைட்டரையோ அதன் துளையையோ சந்தேகப்படலாம். நன்றாகப் பற்றி, 15, 20 நிமிடம் எரிந்து, தானாகவே அணைந்துவிட்டால், தீ இருக்கிறதா என்று பார்க்கும் வெப்ப உணரி சாம்பல் போர்த்திக்கொண்டு சூட்டை உணராமல் இருக்கலாம். ஆகர் திரும்புவதே நின்றுவிட்டால், உறிஞ்சல் இல்லாதபோது தீனியை நிறுத்தும் வேக்யூம் ஸ்விட்ச் தடுத்திருக்கலாம். தொட்டியின் மூடி சரியாக மூடாவிட்டாலும் பல அடுப்புகளில் தீனி நின்றுவிடும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இப்போதே பட்டனை அழுத்திப் பாருங்கள். காற்று குறைந்து எரியும் தீ அந்த வாயுவை அதிகமாக உண்டாக்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அலாரம் இல்லாத வீட்டில் மந்தமாக எரியும் அடுப்பை ஓட்டவே கூடாது.

முன்னேற்பாடு

அடுப்பை அதன் பட்டனால் அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கி அணைக்கக் கூடாது. பிடுங்கினால் புகை ஃபேன் நின்று, உள்ளே இருக்கும் புகை அறைக்குள் வரும். ஃபேன்கள் தாமாக நிற்கும்வரை விட்டு, அதன்பிறகு பிளக்கை எடுங்கள். பிறகும் பல மணி நேரம் ஆற வேண்டும். நான் முந்தின இரவே அணைத்துவிட்டுக் காலையில் தொடங்குகிறேன். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இங்கே நேரடிப் பொருளிலேயே உண்மை. வெள்ளைச் சாம்பலுக்கு அடியில் தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அதை வேக்யூம் க்ளீனரில் உறிஞ்சினால், வேக்யூமுக்குள் காற்று பட்டுத் தீப்பிடிக்கும்.

சாதாரண வீட்டு வேக்யூமை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சாம்பல் அதன் வடிகட்டியைத் தாண்டி, பின்பக்கமாக வீடு முழுவதும் பரவும். உலோக உடல் கொண்ட சாம்பல் வேக்யூம், அல்லது நுண்தூசுக்கான ஹெப்பா வடிகட்டி போட்ட பட்டறை வேக்யூம் வேண்டும். இவற்றோடு முகமூடி, கையுறை, பழைய பெயின்ட் பிரஷ் இரண்டு, சுரண்ட ஒரு தகடு, ரப்பர் சுத்தியல், டார்ச், புகைக்குழாயின் அளவுக்கேற்ற பிரஷ் ஆகியவை போதும். இங்கே வீடுகளில் 3 அல்லது 4 அங்குலக் குழாய்கள்தான் வழக்கம். சந்துகளில் நுழைய, துணி உலர்த்தியின் குழாயைச் சுத்தம் செய்ய விற்கும் நீண்ட வளையும் பிரஷ் அருமையாக உதவும்.

அள்ளும் சாம்பலை இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தின் மேல் இல்லாமல், கல் அல்லது மண் மேல் வையுங்கள். சில நாட்கள் அப்படியே இருக்கட்டும். காகிதப் பையிலோ பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியிலோ கொட்டிக் கராஜில் வைத்ததால் பற்றியெரிந்த வீடுகள் இந்தப் பகுதியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு.

எரிகிண்ணம்

கிண்ணத்தை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். உள்ளே கண்ணாடி போல உருகி இறுகிய கட்டி இருக்கும். இங்கே கிளிங்கர் என்பார்கள். கொல்லன் உலையில் மிஞ்சும் கிட்டத்தைப் போன்றது. மரப்பட்டை, மண், மணல் கலந்த பெல்லட்டில் இருக்கும் சிலிக்காவும் தாதுக்களும் அதிகச் சூட்டில் உருகி ஒட்டுவதால் இது உண்டாகிறது. தகட்டால் நெம்பி எடுத்து, அடியையும் பக்கங்களையும் சுரண்டுங்கள்.

பிறகு கிண்ணத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத துளையில் சரியான அளவு ட்ரில் பிட்டைக் கையால் சுழற்றி விடுங்கள். மெஷினில் மாட்டித் துளைக்காதீர்கள். துளை பெரிதானால் காற்றின் கணக்கே மாறிவிடும். இக்னைட்டர் எட்டிப் பார்க்கும் துளையையும் இதே கவனத்தோடு சுத்தம் செய்யுங்கள். சூடான காற்று அதன் வழியாகத்தான் பெல்லட்டுக்கு வருகிறது. “இக்னைட்டர் போய்விட்டது” என்று வாங்கப்படும் பல புது இக்னைட்டர்கள் இந்தத் துளை அடைத்ததால் வாங்கப்பட்டவை என்பது என் அனுபவம்.

திரும்ப வைக்கும்போது கிண்ணம் தன் இருக்கையில் அசையாமல் சமமாக உட்கார வேண்டும். அடியில் ஒரு பெல்லட் மாட்டிக்கொண்டு கிண்ணம் சற்றே தூக்கி நின்றால், காற்று கிண்ணத்தைச் சுற்றிப் போய்விடும். ஸ்ட்ராவில் விழுந்த ஓட்டை அது.

எரியறையும் அதன் பின்னால் இருப்பதும்

பெரும்பாலோர் வாரந்தோறும் எரியறையைச் சுத்தம் செய்கிறார்கள், அதன் பின்னால் போவதில்லை. குறை ஒளிந்திருப்பது அங்கேதான்.

முதலில் மேலே பாருங்கள். தீக்கு மேலே வெப்பக் குழாய்கள் வரிசையாக இருக்கும், அல்லது விசிறிமடிப்புத் தகடு இருக்கும். அறைக்குச் சூட்டைக் கொடுப்பவை இவைதான். இவற்றின்மேல் படியும் சாம்பல் கம்பளி போர்த்தியதுபோல் சூட்டைத் தடுக்கும். சூடு அறைக்கு வராமல் புகையோடு வெளியே போகும். சில மாடல்களில் குழாய்களைச் சுரண்ட ஒரு இழுகம்பி இருக்கும். அதைத் தினமும் நாலைந்து முறை இழுத்துவிடுவது நல்லது. இல்லாத மாடலில் பிரஷ்ஷால் தேயுங்கள்.

அடுத்து, செங்கல் போலவே செய்த பின்தகடு. இரண்டு திருகுகளிலோ கொக்கிகளிலோ நிற்கும். நிமிர்த்தி முன்னால் சாய்த்தால் வந்துவிடும். இது சுலபமாக உடையும், வேக்யூமின் முனையால் இடிக்காதீர்கள். தகட்டுக்குப் பின்னாலும், இரு பக்க மூலைகளின் அடியிலும், புகை திரும்பும் வளைவுகளில் சாம்பல் பொறிகள், அதாவது சாம்பல் விழுந்து தங்கும் குழிகள், இருக்கும். சிலவற்றுக்குத் தனி மூடியும் சிறகுத் திருகும் உண்டு. உங்கள் மாடலின் கையேட்டில் இவை எங்கே என்று படம் போட்டிருப்பார்கள். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும். இதற்காகவாவது ஒருமுறை தேடி எடுத்துப் படியுங்கள்.

பொறிகளைத் திறந்து உறிஞ்சிய பிறகு, எரியறையின் சுவர்களை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டத் தட்ட உள்ளே சாம்பல் சரியும் சத்தம் கேட்கும், மணல் வழிவது போல. மறுபடி உறிஞ்சுங்கள், மறுபடி தட்டுங்கள். சத்தம் நிற்கும்வரை விடாதீர்கள். எனக்கு முதல்முறை இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.

புகை ஃபேன்

அடுப்பின் பக்கத் தகட்டைத் திறந்தால் புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும். மோட்டாரைப் பிடித்திருக்கும் நாலைந்து திருகுகளைக் கழற்றினால் சக்கரத்தோடு வெளியே வரும். ஒவ்வொரு இதழிலும் சாம்பல் அடையாக ஒட்டியிருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். இதழ்களை வளைத்துவிடாதீர்கள். ஒன்று வளைந்தாலும் சக்கரம் ஒருபக்கமாக ஆடி பேரிங் தேயும். ஃபேன் உட்காரும் குழியையும் உறிஞ்சிவிட்டு, நடுவில் இருக்கும் கேஸ்கட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். இந்த ஃபேனுக்குப் பிறகு இருக்கும் குழாயில் புகை அழுத்தத்தோடு தள்ளப்படுகிறது. அதனால் இங்கே ஏற்படும் கசிவு அறைக்குள் புகையைக் கொண்டுவரும்.

சக்கரத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் சற்று நேரம் சுழல வேண்டும். கறகறவென்றோ உடனே நின்றோ போனால் பேரிங் போய்விட்டது, மோட்டாரை மாற்றும் காலம். அறைக்குச் சூடான காற்றை அனுப்பும் இன்னொரு ஃபேன் தனியாக இருக்கும். அதில் சேர்வது சாம்பல் இல்லை, வீட்டுத் தூசும் நாய், பூனை முடியும். அதையும் உறிஞ்சிவிடுங்கள்.

புகைக்குழாயும் உள்வரும் காற்றும்

அடுப்பின் பின்னாலோ வீட்டுச் சுவருக்கு வெளியிலோ டீ வடிவ மூட்டு இருக்கும். அதன் அடிமூடியை வாளி பிடித்துக்கொண்டு திறங்கள். பிரஷ்ஷை மேலாகவும் பக்கவாட்டாகவும் விட்டு, வழி முழுவதும் போகும்வரை தேயுங்கள். வெளிமுனையின் மூடியில் வலை இருந்தால் அது அடைத்திருக்கும். குருவிக்கூடும் குளவிக்கூடும் அங்கே சாதாரணம். உள்வரும் காற்றுக் குழாய்க்கும் இதே கவனம் வேண்டும். அது கை அளவு குழாய், அடுப்பின் அடியிலோ பின்னாலோ இருக்கும். பனி பெய்து குவிந்து அதன் வாயை மூடியிருப்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

இங்கே பலர் வருட முடிவில் இன்னொன்றும் செய்கிறார்கள். உறிஞ்சும் வசதியுள்ள லீஃப் ப்ளோயரை வெளிமுனையில் பொருத்தி, உள்ளே இருந்து ஒருவர் அடுப்பின் சுவரைத் தட்டித் தட்டிக் கொடுக்க, மிச்சச் சாம்பலையெல்லாம் வெளியே இழுப்பது. கைக்கு எட்டாத இடத்துச் சாம்பலுக்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன். ஆனால் அடுப்பு முழுதாக ஆறி, பிளக் எடுத்திருக்க வேண்டும், உறிஞ்சும் திசையில் மட்டுமே ஓட வேண்டும். திசை மாறினால் சாம்பல் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். உங்கள் கையேடு இதை வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

கசிவுகள்

கதவைச் சுற்றியுள்ள கயிற்றுக் கேஸ்கட் நாளாக நாளாகத் தட்டையாகி இறுகிவிடும். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இழுபட மறுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கசிவு. கதவைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இப்படிப் பாருங்கள். சாம்பல் தட்டின் கதவையும் மறக்காதீர்கள். புதுக் கயிற்றை ஒட்டும்போது இழுத்து நீட்டாமல் ஒட்ட வேண்டும். பல அடுப்புகளில் கண்ணாடியின் விளிம்பில் ஒரு மெல்லிய இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். கண்ணாடியில் கரி படியாமல் காற்று வழிந்து கழுவுவதற்கான இடைவெளி அது. அதை அடைத்துவிடாதீர்கள்.

வேக்யூம் ஸ்விட்ச்சுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயும் இந்தக் கணக்கில்தான் வரும். அது வெடித்திருந்தால் மாற்றுங்கள். அடுப்பின் பக்கம் அது செருகப்படும் சின்ன மூக்கில் சாம்பல் அடைத்திருக்கும். குழாயைக் கழற்றிவிட்டு மூக்கைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஸ்விட்ச்சுக்குள் வாயால் ஊதாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும். இந்த ஸ்விட்ச்சை ஒயரால் நேராக இணைத்து ஏமாற்றும் வித்தையை யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். உறிஞ்சல் இல்லாதபோது தீனியை நிறுத்துவதற்காகத்தான் அது இருக்கிறது.

தொட்டி

தொட்டியைக் காலியாக்கி அடியைப் பாருங்கள். மரத்தூள் படிந்து ஆகரின் வாயை அடைத்திருக்கும். தூள் சேர்ந்தால் பெல்லட் சீராக விழாது. சில நேரம் கொஞ்சமும் சில நேரம் குவியலாகவும் விழும். தீ ஏறி இறங்கி எரிவதற்கு இது ஒரு காரணம். வருடத்தில் சில முறையாவது தொட்டியை முழுவதும் காலி செய்து உறிஞ்சுங்கள்.

மறுபடி பற்றவைத்து

எல்லாவற்றையும் மூடி, கிண்ணம் உட்கார்ந்திருப்பதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்து, பிளக்கை மாட்டுங்கள். நடுத்தர அளவில் அரை மணி நேரம் எரியவிட்டு, எழுதிவைத்த குறிப்போடு ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டில் பத்துக்கு ஏழு எட்டு முறை வேலை இங்கேயே முடிந்துவிடும்.

டேம்பரோ (காற்று வழியைக் கூட்டிக் குறைக்கும் தகடு) காற்று அளவுப் பட்டனோ இருந்தால் இப்போதுதான் அதைத் தொடலாம். ஒரு இழை நகர்த்தி, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, தேவையானால் இன்னொரு இழை. தீ சோம்பலாக இருந்தால் காற்றைக் கூட்டுங்கள். எரியாத பெல்லட்டும் தீப்பொறியும் கிண்ணத்திலிருந்து தெறித்துப் பறந்தால் காற்று மிகுதி, குறையுங்கள். தீனியையும் காற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னும் சரியாகவில்லை என்றால்

வீட்டின் காற்றைச் சோதியுங்கள். அடுப்புக்கு அருகிலுள்ள சன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். தீ நிமிர்ந்தால் குறை அடுப்பில் இல்லை. இப்போது கட்டும் வீடுகள் காற்றுப் புகாதவை. சமையலறை எக்ஸாஸ்ட், குளியலறை ஃபேன், துணி உலர்த்தி எல்லாம் வீட்டுக் காற்றை வெளியே தள்ள, அடுப்பு அவற்றோடு போட்டி போட்டுத் தோற்கிறது. வெளிக்காற்றை நேரடியாக அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் அமைப்பதே இதற்குத் தீர்வு. நம் வீடுகளில் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் ஓடும், அந்த நேரத்தில் மட்டும் தீ மங்குகிறதா என்று கவனியுங்கள்.

புகைக்குழாயின் நீளத்தைக் கணக்கிடுங்கள். அமெரிக்கக் கையேடுகளில் பரவலாக உள்ள கணக்கு இது: படுக்கைக் குழாய் அடிக்கு 1, நிற்கும் குழாய் அடிக்கு அரை, 45 டிகிரி வளைவுக்கு 3, 90 டிகிரி வளைவோ டீ மூட்டோ ஒவ்வொன்றுக்கும் 5. கூட்டுத்தொகை 15-ஐத் தாண்டினால் 3 அங்குலக் குழாய் போதாது, 4 அங்குலம் வேண்டும். எங்கள் வீட்டில் படுக்கையில் 2 அடி, ஒரு டீ, மேலே 5 அடி, ஒரு வளைவு, மறுபடி படுக்கையில் 1 அடி. 2, 5, 2.5, 5, 1 என்று கூட்டினால் 15.5. ஒரு நூலிழை அதிகம்தான். ஆனாலும் சாம்பல் கொஞ்சம் சேர்ந்ததும் மற்ற வீடுகளைவிட எங்கள் அடுப்பு சீக்கிரம் திணறியதற்குக் காரணம் புரிந்தது. 4 அங்குலமாக மாற்றிய பிறகு அந்தத் திணறல் இல்லை.

பெல்லட்டைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான். சுத்தமான அடுப்பில் வேறு பை போட்டு ஒரு நாள் எரித்துப் பாருங்கள். ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டால் அது மூழ்க வேண்டும், சில நிமிடங்களில் ஊதி மரத்தூளாகக் கரைய வேண்டும். மிதந்தால் சரியாக அழுத்தப்படாதது. உலர்ந்த குச்சி வழவழப்பாக மினுங்கும். ஈரம் பட்டது மங்கி, பொருபொருவென்று விரலில் உதிரும். பைகளை சிமென்ட் தரையில் நேராக அடுக்காமல் மரப்பலகைத் தட்டின் மேல் வையுங்கள்.

இக்னைட்டரை மல்டிமீட்டரால் பார்க்கலாம். பிளக்கை எடுத்து, அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி அளவிடுங்கள். 120 வோல்ட்டில் ஓடும் 300 வாட் இக்னைட்டருக்கு 48 ஓம் அளவில் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. கட்டுப்பாட்டு போர்டு, ஆகர் மோட்டார், சூடு மீறினால் அணைக்கும் ஸ்விட்ச் ஆகியவற்றில் குறை என்று தோன்றினால் தேர்ந்த டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் அழுத்தமானியால் உறிஞ்சலை அளந்து, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்வார். அறைக்குள் புகைநாற்றம் வந்தால் அவர் வரும்வரை அடுப்பை ஏற்றவே வேண்டாம்.

எப்போது எதை

கிண்ணத்தைச் சுரண்டுவதும் கண்ணாடியைத் துடைப்பதும் தினசரி வேலை, ஐந்து நிமிடம். கண்ணாடி ஆறியபின் ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் வேறு மருந்து தேவையில்லை, ஊரில் பாத்திரம் தேய்த்ததும் இதே சாம்பலால்தானே. வாரம் ஒருமுறை எரியறை, வெப்பக் குழாய்கள், சாம்பல் தட்டு. டன்னுக்கு ஒருமுறை பின்தகடு, பொறிகள், புகை ஃபேன், டீ மூட்டு. வருடம் ஒருமுறை மேலே சொன்ன அனைத்தும். தேதியையும் எரித்த பைகளின் எண்ணிக்கையையும் தொட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதிவருகிறேன்.

அந்த வருடாந்தரச் சுத்தத்தை அக்டோபரில் செய்யாமல் ஏப்ரலில், கடைசித் தீ அணைந்த வாரமே செய்துவிடுங்கள். கோடை ஈரம் சாம்பலோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். தொட்டியில் மிச்சமிருக்கும் பெல்லட் ஈரம் குடித்து ஊதி, ஆகரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தொட்டியையும் ஆகரையும் முழுவதும் காலியாக்கிவிட வேண்டும். பிறகு வெளிக்குழாயின் வாயில் ஒரு துணிப்பந்தைச் செருகினால் ஈரமும் குருவியும் நுழையாது. செருகியதும், அடுப்பின் சுவிட்ச்சுக்கு மேலேயே பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்: “வெளியே குழாய் அடைத்திருக்கிறது. எடுத்த பிறகே பற்றவைக்கவும்.”